பெயர் சரியாகத்தான் வந்தது

இசக்கி என்று பெயர் இருந்தால் தென்காசிப் பக்கம் ஒரு சௌகரியம் உண்டு. கூட்டத்தில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. கூப்பிட்டது நம்மைத்தான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஆதாரில் என் பெயர் இசக்கியப்பன். வங்கிக் கணக்கில் வெறும் இசக்கி. கணக்குத் தொடங்கிய அன்றைக்கு அங்கே எழுதியவருக்கு அவ்வளவுதான் பொறுமை இருந்தது. நீங்கள் நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் அம்மா, எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

குற்றாலம் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சாரல் விழுந்துவிட்டால் லாட்ஜில் ரூம் போட வருகிறவர்கள் ஆதார் நகல் எடுக்க வருவார்கள். மற்ற மாதங்களில் நம் ஊர்க்காரர்கள்தான். பட்டா, பென்ஷன், பரீட்சை விண்ணப்பம் என்று எதுவானாலும் கடைக்கார அண்ணாச்சியிடம் போ என்பார்கள். என் பெயர்கூட பாதிப் பேருக்குத் தெரியாது. கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் என் வீட்டுக்காரி ஆனந்தவள்ளி பெயரில் இருக்கிறது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் எனக்கே ஒரு ஜெராக்ஸ் மிஷின் வேண்டியிருந்தது. போனில் பழசு விற்கிற பக்கம் ஒன்றில் பார்த்தேன். விற்கிறவர் பட்டாளத்துக்காரர், மாற்றலாகிப் போகிறாராம், சல்லிசாகத் தள்ளிவிடுகிறாராம். யூனிஃபார்ம் போட்ட போட்டோவும் அனுப்பியிருந்தார். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்திலோ போலீசிலோ இருக்கிறார்கள். யூனிஃபார்மைப் பார்த்தால் எங்களுக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி. நாற்பத்தோராயிரம் அனுப்பினேன். மிஷினும் வரவில்லை, பட்டாளமும் வரவில்லை.

பணம் போனது போகட்டும். என் மைத்துனன் குமரகுரு ஒரு காதுகுத்து வீட்டுப் பந்தியில், இரண்டு வரிசை இலைக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: “எங்க அத்தான் ஊருக்கெல்லாம் ஃபாரம் எழுதிக் குடுக்காவ. அவியளையே ஒருத்தன் எழுதி வித்துட்டாம்லா.” எல்லாரும் சிரித்தார்கள். பரிமாறினவனும் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். எனக்கு அவமானமாக இருந்தது. இப்போது சொல்லும்போதும் அவமானமாகத்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். முன்பின் தெரியாதவனிடம் பழைய பொருள் வாங்குகிறாயா, நேரில் போ, ஓட்டிப் பார், கையில் வாங்கிக்கொண்டு காசு கொடு. அனுப்பித்தான் தீரவேண்டும் என்றால் முதலில் ஒரு ரூபாய் அனுப்பு, வந்ததா என்று கேள், திரையில் யார் பெயர் வருகிறது என்று பார், பிறகு மிச்சத்தை அனுப்பு. பணம் வாங்குகிறவன் ரகசிய எண் அடிக்க வேண்டியதில்லை, அடிக்கச் சொன்னால் அவன் திருடன். இதையெல்லாம் இலவசமாகத்தான் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போய், மறுநாளே ஒரு முட்டாள்தனம் பண்ணிவிட்டு வந்து நிற்பார்கள். காதில் விழுவது வேறு, மண்டையில் ஏறுவது வேறு என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு ஏறியது போல அவர்களுக்கும் ஏற வேண்டுமென்றால், எனக்கு நடந்தது அவர்களுக்கும் நடக்க வேண்டும்.

அதனால் பரீட்சை வைத்தேன். முதலில் லோகநாயகி டீச்சர், பழைய ஃப்ரிட்ஜ். அப்புறம் கல்யாண போட்டோ எடுக்கிற தாணு, பழைய கேமரா. விற்கிறவர் மாதிரி இன்னொரு எண்ணிலிருந்து நானே பேசுவேன். பேசுவது என்றால் மெசேஜ்தான், குரல் காட்டமாட்டேன். பணம் என் கணக்குக்கு வரும், அந்த எண் அணைந்துவிடும். பத்து நாள் அலையவிடுவேன். பதினோராம் நாளுக்குப் போகவிட மாட்டேன். பத்தாம் நாள் காலையில், கஷ்டப்பட்டுத் திருடனைப் பிடித்தேன் என்று சொல்லி ஒரு பைசா குறையாமல் திருப்பிக் கொடுத்துவிடுவேன். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தாணு என் படத்தை ஸ்டேட்டஸ் போட்டான். அவர்கள் இருவரும் இனி ஆயுசுக்கும் ஏமாறமாட்டார்கள். இதில் மோசடி எங்கே இருக்கிறது என்று உங்கள் எழுத்தர் தம்பியிடம் கேட்டேன். அவர் மோசடி என்றே எழுதியிருக்கிறார்.

யோகலட்சுமி மூன்றாவது ஆள். இலஞ்சியிலிருந்து வந்தாள், பீடி சுற்றுகிறவள். புருஷன் கைலாசம் கல் உடைக்கிற கிரஷரில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்து, நெஞ்சு பூராவும் தூசி. நாற்பத்தைந்து வயசு. ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்தே ஆக்சிஜன் கொடுத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வாடகை சிலிண்டர் கட்டுப்படியாகவில்லை. கரண்டில் ஓடுகிற ஆக்சிஜன் மிஷின் ஒன்று பழசாக விற்பனைக்கு வந்திருப்பதைப் பக்கத்து வீட்டுப் பெண் போனில் காட்டியிருக்கிறாள். இருபத்தெட்டாயிரம். கம்மலை விற்றுக் கணக்கில் போட்டு வைத்திருந்தாள். தெரியாத ஆளுக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது, அண்ணாச்சி பார்த்துச் சொல்லுங்கள் என்று வந்தாள்.

அந்த விளம்பரத்தை என் போனில் தேடி எடுத்து, விற்பனைக்காரருக்குப் போன் போட்டேன். சுரண்டை, பெயர் இசக்கிமணி. அம்மாவுக்காக வாங்கினது, அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். எத்தனை நாள் ஆனாலும் வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன், மனுஷனுக்கு ஆகட்டும் என்று சொன்னார். நல்ல மனுஷர்.

இசக்கி என்ற பெயரைக் கேட்டதும்தான் எனக்கு அந்த யோசனையே வந்தது. வேறு பெயராக இருந்திருந்தால் அவளுக்குப் பொருளை வாங்கிக் கொடுத்திருப்பேனோ என்னவோ. சுரண்டைக்காரர் நம்பர் என்று சொல்லி என்னுடைய இன்னொரு எண்ணை அவளிடம் கொடுத்தேன். கொடுக்கும்போதே, நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் காசு கொடு என்று சொன்னேன். மூன்று தடவை சொன்னேன். அதை அவளே உங்களிடம் சொல்லியிருப்பாள், கேட்டுப் பாருங்கள்.

புருஷனை விட்டுவிட்டு அரை நாள் நகர முடியாது என்றாள். மறுநாள் அந்த எண்ணிலிருந்து, ஆலங்குளத்துக்காரர் ஒருவர் சாயங்காலம் காசோடு வருகிறார், உங்களுக்கு வேண்டுமானால் இப்போதே அனுப்புங்கள் என்று மெசேஜ் போனது. நான்தான் போட்டேன். அவசரப்படுத்தினால்தானே அது பரீட்சை.

திங்கட்கிழமை மத்தியானம் கடைக்கு ஓடிவந்தாள். என் எதிரில் நின்றே அனுப்பினாள். நான் சொன்ன மாதிரியே முதலில் ஒரு ரூபாய். வந்துவிட்டது என்று பதில் வந்தது. போனை என் பக்கம் திருப்பி, “பேரு இசக்கின்னுதான் வருது அண்ணாச்சி, சுரண்டைக்காரவுக பேருதானே?” என்று கேட்டாள்.

“இசக்கின்னு வந்தா சரிதாம்மா. ஆனா நேர்ல பாக்காம அனுப்பாதன்னு சொன்னேன், அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது” என்றேன்.

அனுப்பிவிட்டாள். பெயர் சரியாகத்தான் வந்தது. அது என் பெயர். அந்த ஊரில் யார் பார்த்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவள் கொழுந்தன் பெயரும் இசக்கிதான்.

அந்தப் பணத்தை நான் தொடவில்லை. இதை அடிக்கோடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள். புதன்கிழமை நானே சுரண்டைக்குப் போய், இசக்கிமணியிடம் இருபத்தெட்டாயிரத்தையும் எண்ணிக் கொடுத்து மிஷினை வாங்கிவந்தேன். ஆட்டோ வாடகை என் கைக்காசு. ரூபாயாகத் திருப்பிக் கொடுப்பதைவிடப் பொருளாகவே கொண்டுபோய் இறக்கினால் அவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். கடையில் என் மேஜைக்குக் கீழே வைத்து, பழைய பெட்ஷீட்டைப் போட்டு மூடினேன்.

யோகலட்சுமி தினமும் வந்தாள். சுரண்டைக்காரர் போன் அணைந்து கிடக்கிறது, நீங்கள் எழுதி வாங்கிய கம்ப்ளைண்ட் என்ன ஆனது என்று கேட்பாள். சைபர் கிரைமுக்கு அனுப்பியாகிவிட்டது, இரண்டொரு நாளில் தெரியும் என்பேன். அனுப்பவில்லை, எனக்கு எதிராக நானே எப்படி அனுப்புவது? எதிரே ஸ்டூலில் உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுப்பேன். அவள் கால் விரல் பெட்ஷீட்டில் உரசும். சிலிண்டர் எத்தனை இருக்கிறது என்று விசாரித்துக்கொள்வேன். நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை. கடன் வாங்கி இரண்டு சிலிண்டர் வைத்திருந்தாள். என் கணக்குப்படி புதன்கிழமை வரை வர வேண்டும். பத்தாம் நாள் வியாழன். ஒரு நாள்தான் இடிக்கும், எப்படியாவது சமாளிப்பாள் என்று நினைத்தேன்.

மிஷின் சும்மா கிடந்தால் கெட்டுப்போகும் என்று இசக்கிமணி சொல்லியிருந்தார். அதனால் தினமும் சாயங்காலம் ஆள் இல்லாத நேரத்தில் பத்து நிமிஷம் ஓடவிடுவேன். அடுத்த திங்கட்கிழமை அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அவள் போன் வந்தது. சிலிண்டரில் முள் சிவப்புக்கு வந்துவிட்டது, அவருக்கு உதடெல்லாம் நீலமாகிறது, யாரிடமாவது சொல்லி ஏதாவது பண்ண முடியுமா என்று கேட்டாள். என் கணக்கு இரண்டு நாள் பிசகியிருந்தது. அவருக்கு மூச்சுமுட்டு அதிகமாகி அவள் கூடுதலாகத் திறந்துவிட்டிருக்கிறாள். அதை என்னிடம் அவள் சொல்லவில்லை.

பேச்சின் நடுவில், “அங்கன என்ன அண்ணாச்சி சத்தம்?” என்று கேட்டாள்.

“ஜெராக்ஸ் மிஷின்மா” என்றேன். “ஆம்புலன்ஸுக்குச் சொல்லு, பயப்படாத.”

அவள் சொல்லியிருக்கிறாள். சாரல் சீசன், ரோடெல்லாம் கார். வண்டி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய், செவ்வாய்க்கிழமை விடியும்போது முடிந்துவிட்டது. நான் எடுப்புக்குப் போயிருந்தேன். மாலை வாங்கிக்கொண்டு போனேன், தூக்குவதற்குத் தோளும் கொடுத்தேன். ஆள் ரொம்ப லேசாக இருந்தார்.

வியாழக்கிழமை பத்தாம் நாள். ஆள் போய்விட்டார் என்பதற்காகக் கொடுக்காமல் இருக்க முடியுமா? காலை ஒன்பது மணிக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் இலஞ்சியில் இறக்கினேன். துக்கத்துக்கு வந்தவர்கள் நாலைந்து பேர் வாசலில் இருந்தார்கள். விடாமல் பிடித்து வாங்கிவிட்டேன் என்று சொன்னேன். யோகலட்சுமி எழுந்து வந்து மிஷின் மேல் கையை வைத்தாள். பக்கவாட்டில் ஒரு கவர் ஒட்டியிருந்தது, நான் கவனிக்காத கவர். உள்ளே புது டியூப் இரண்டும் ஒரு துண்டுச்சீட்டும். விற்ற தேதி, சந்தேகம் இருந்தால் கேட்க நம்பர், இரவில் தண்ணீர் அளவு பார்க்கவும், இப்படிக்கு இசக்கிமணி. நல்ல மனுஷர்கள் இப்படித்தான், கேட்காததையெல்லாம் செய்து வைப்பார்கள்.

அவள் அங்கேயே நின்று அந்த நம்பருக்குப் பேசினாள். அவர், போன வாரம் புதன்கிழமையே ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி வந்து வாங்கிப் போனாரே, உங்க வீட்டுக்காரருக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இம்புட்டு நாளும் இது எங்க இருந்துச்சு அண்ணாச்சி?”

அந்த இடத்தில் இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “எங்கிட்டதாம்மா இருந்துச்சு. கடையிலதான், நீ உக்காந்த இடத்துக்கு எதுக்க, மேஜைக்குக் கீழ. பத்திரமா இருந்துச்சு” என்றேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஏன் செய்தேன் என்பதை விளக்க ஆரம்பித்தேன். முழுதாகக் கேட்கவில்லை. அவள் கொழுந்தன் என்னைச் சட்டையோடு பிடித்து இங்கே கொண்டுவந்து விட்டான். கன்னத்தில் இருக்கும் காயம் அவன் போட்டதுதான், அதற்கு நான் புகார் எதுவும் கொடுக்கப்போவதில்லை.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆமாம், தெரிந்துதான் வைத்திருந்தேன். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் அவர் மூச்சுக்குத் தவிக்கிறார் என்று தெரியும். மிஷின் என் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டோவில் போட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் இலஞ்சி. போனை வைத்ததும் மிஷினை அணைத்து, பெட்ஷீட்டால் மூடி, கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஆனால் ஒன்றை நீங்கள் யோசிக்க வேண்டும். டீச்சர் பத்து நாள் காத்திருந்தாள், தாணு பத்து நாள் காத்திருந்தான், இவளுக்கு மட்டும் ஏழாம் நாளே கொடுப்பது எப்படி நியாயம்? கைலாசம் இன்னும் இரண்டு நாள் பொறுத்திருந்தால் நானே மிஷினைக் கொண்டுபோய் மாட்டிவிட்டிருப்பேன். அவரும் எழுந்து உட்கார்ந்து, மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டிருப்பார்.