எச்சரிக்கையில் ஒரு எழுத்து குறைந்தது

அவையின் நடுநாயகமாய் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, அறிவாலும் அனுபவத்தாலும் நரைத்த பெரியோர்களே, நுரையீரல் மருத்துவமனையின் வராந்தாவில் காத்திருந்து காத்திருந்து கால் கடுத்த தாய்மார்களே, வணக்கம்.

என்னை நேர்மையாளன் என்று பாராட்டினார் தலைவர். இல்லை ஐயா. நான் பொறாமைக்காரன்.

சுகாதாரத் துறையில் பக்கத்துப் பக்கத்து மேசை எங்களுக்கு, எனக்கும் என் சீனியருக்கும். சிகரெட் பெட்டியின் எச்சரிக்கைப் படம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? இருவரும் வரைவு எழுதினோம். பெட்டியை மூடும் படம் என்னுடையது. நகமளவுப் படம் அவருடையது. தேர்வானது எது? அவருடையது. அமைச்சர் அவரைத் தோளில் தட்டினார். அந்தத் தட்டு என் நெஞ்சில் விழுந்தது. அவர் தேநீர் குடித்தால் எனக்குக் கசந்தது. அவர் சிரித்தால் எனக்கு எரிந்தது.

பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்கள் அலுவலகத்திலும் அப்படியொரு மேசை இருக்கும்.

பிழை கண்டுபிடித்து அவரை அவமானப்படுத்த, மதிய இடைவேளையில் அவர் வரைவைப் புரட்டினேன். ‘எச்சரிக்கை’யில் ‘க்’ இல்லை. ஏழு இடத்தில் ‘எச்சரிகை’. மகிழ்ந்தேன். அதே கோப்பில் சிகரெட் கம்பெனியின் மனு இருந்தது. அதிலும் ஏழு இடத்தில் ‘எச்சரிகை’. வரிக்கு வரி இரண்டும் ஒன்றே.

"அண்ணே, இது நீங்க எழுதுனதா?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "நான் எங்கப்பா எழுதுனேன். மேலேருந்து வந்துச்சு. கையெழுத்து மட்டும்தான் என்னுது."

யாரைப் பார்த்து வெந்தேனோ, அவரிடம் பொறாமைப்பட ஒன்றுமே இல்லை.

இரண்டு தாள்களையும் சட்டமன்றக் குழுவிடம் கொடுத்தேன். விசாரணையில் சீனியரைக் கூப்பிட்டார்கள். மறுப்பார் என்று நினைத்தேன். எழுந்து நின்றார்.

"இவன் பொறாமையிலதான் சொல்றான். ஆனா சொல்றது நிஜம்."

இருவரையும் ஆவண அறைக்கு மாற்றினார்கள். நகமளவுப் படம் செத்தது. பெட்டியை மூடும் படம் சட்டமானது.

பெரியோர்களே, கம்பெனிக்காரர் கதவைத் தட்டாமல் அமைச்சர் அறைக்குள் போய் நாற்காலியில் அமர்வதை என் கண்ணால் கண்டேன். கணவனின் எக்ஸ்ரேயோடு வந்த பெண் வெளியே நின்றதையும் கண்டேன். அந்த நாற்காலி கம்பெனிக்காரருக்கு யார் தந்தது? அது ஏன் உங்களுக்கு இல்லை? அதைப் பார்த்து வயிறெரியுங்கள் தாய்மார்களே. எரியும் வயிற்றோடு போய்க் கேளுங்கள். உங்களுக்கும் ஒரு நாற்காலி போடும்வரை கேளுங்கள்.

பொறாமைக்காரனையும் பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.