கதிர்வேல் அளந்த கிணறு

தையல்நாயகி: ...அன்னிக்கும் டீயக் குடிச்சிட்டு கெணத்துக்குத்தான் போனாரு. டேப்ப உட்டு தண்ணி எவ்ளோ ஆழத்துல நிக்குதுன்னு பாத்தாரு, உனக்கு போன்ல அனுப்புனாரு. வந்து தறியில குந்துனவரு... அவ்ளோதான், சாஞ்சிட்டாரு. சாவுக்குக்கூட நீ வர்ல எஸ்தர்.

எஸ்தர்: வந்தேன் அண்ணி. தெருமுனையிலயே நின்னுட்டேன்.

தையல்நாயகி: ஏன், உள்ள வந்தா கடிச்சிடுவேனா?

எஸ்தர்: நீங்க என்னைப் பத்திப் பேசுனது வாலாஜாபாத் வரைக்கும் கேட்டுச்சே.

தையல்நாயகி: பேசுனேன். பொய்யா? கண்ணு முழிச்சதும் மொத சேதி உனக்கு. நானும் பக்கத்துலதான் இருக்கேன்... எங்கிட்ட வாயத் தொறக்க மத்தியானம் ஆவும்.

எஸ்தர்: ஊர் ஊரா கெணறு அளக்கற எல்லாருமே எனக்குத்தான் அனுப்பறாங்க. கூரத்துல அம்சா அனுப்பறாங்க. நான் கம்ப்யூட்டர்ல ஏத்தறேன். நெலத்தடி தண்ணி எறங்குதான்னு...

தையல்நாயகி: அம்சாவுக்கும் பதிலுக்கு போன்ல ரோசாப்பூ படம் போடுவியா?

எஸ்தர்: ...அதுவா? எல்லாருக்கும் போடுவேன். நன்றின்னு டைப் அடிக்க சோம்பேறித்தனம்.

தையல்நாயகி: சோம்பேறித்தனமா... அந்தப் பூவப் பாத்துட்டு எத்தினி நாள் சோறு எறங்காம இருந்திருக்கேன் தெரியுமா?

எஸ்தர்: அண்ணி... அண்ணன் போனப்புறமும் அவரு நம்பர்லேர்ந்து தெனம் அளவு வந்துக்கினு இருக்குது.

தையல்நாயகி: ...தெருப் பசங்க எதுனா வெளாடுவானுங்க.

எஸ்தர்: வெளாட்டு இல்ல. நானே கெணத்துல டேப்ப உட்டு சரிபாத்தேன், அளவு சரியாத்தான் இருந்துச்சு. நேத்து மட்டும்தான் வர்ல.

தையல்நாயகி: நேத்து அமாவாச. தறிக்காரங்க எந்த வேலையும் தொடமாட்டோம்.

எஸ்தர்: அண்ணன் அமாவாசைக்கும் அனுப்புவாரு.

தையல்நாயகி: தெரியும். அன்னிக்காச்சும் வூட்ல இருய்யான்னு சண்ட போட்டிருக்கேன். அது வேலையே இல்லடின்னுவாரு.

எஸ்தர்: இப்ப அனுப்பறவங்களுக்கு அது வேலை... அதை வெச்சுத்தான் யாருன்னு புரிஞ்சுது.

தையல்நாயகி: அவரு இல்லன்னு தெரிஞ்சும் எதுக்குப் பூ போட்ட?

எஸ்தர்: நான் நிறுத்துனா கெணத்து அளவும் நின்னுடும்னு பயம். இன்னிக்கும் இன்னும் வர்ல அண்ணி... வேற ஆளு பாக்கட்டுமா?

தையல்நாயகி: ஒண்ணும் வேணாம். அவருக்குத் தனியா எதுனா எழுதுவியோன்னு பாக்கத்தான் மொத நாளு அனுப்புனேன். தெனம் பாத்தேன், வெறும் பூதான் வந்துச்சு... இன்னிக்கு அளந்துட்டேன், நீ வந்துட்டதால அனுப்பல. முந்தாநாள் நின்ன எடத்துலயேதான் தண்ணி நிக்குது. ஏத்திக்கோ.