பொடிசுக்குப் பொருத்தமான கார்டு

கேஷ்பேக் கார்டு எடுக்க நினைக்கிறவர்கள் முதலில் செய்யவேண்டியது, மூன்று மாதச் செலவை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பதுதான். யாரும் செய்வதில்லை. விளம்பரத்தில் எந்த எண் பெரிதாக இருக்கிறதோ அதற்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். எங்கள் கடைக்கு வாரம் இரண்டு நாள் கண் பரிசோதிக்க வரும் டாக்டர், பெட்ரோலுக்கு நூறுக்கு ஏழு திருப்பித் தருகிற கார்டு வைத்திருந்தார். அவரிடம் சைக்கிள்கூடக் கிடையாது. "பெட்ரோல் குடிக்கிற பழக்கம் உண்டா டாக்டர்?" என்று கேட்டேன். அன்றைக்கே அவருக்கு வேறு கார்டு பார்த்துக் கொடுத்தேன்.

இருபத்திரண்டு வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்போதே அந்த முகத்துக்கு எந்த ஃபிரேம் என்று எனக்குத் தெரிந்துவிடும். அவர்கள் வேறு எதையாவதுதான் எடுப்பார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் சரியானதை எடுத்து மூக்கில் வைப்பேன். "அட, இதுதாங்க" என்பார்கள். தனக்கு எது பொருந்தும் என்பது தனக்குத் தெரியாது. பக்கத்திலிருந்து ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

தங்கை விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்டது அதைத்தான்.

வீட்டில் அவளைப் பொடிசு என்போம். எனக்கும் அவளுக்கும் பதினோரு வயது வித்தியாசம். அம்மா போன பிறகு அவள் என்ன படிப்பது, எந்த நிறத்தில் சட்டை போடுவது, முடியை எவ்வளவு வெட்டுவது எல்லாம் என் பொறுப்பு. மாப்பிள்ளையும் நான் பார்த்ததுதான். வந்த ஒன்பது இடங்களில் இவர்தான் பொருந்தினார். லிஃப்ட் மெக்கானிக். குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். இன்றைக்கும் அவர் குரல் உயர்ந்து கேட்டதாக யாரும் சொல்லமாட்டார்கள். அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.

போன வருடம் ஒரு மத்தியானம், இடது மணிக்கட்டில் கட்டோடு பொடிசு கடை வாசலில் வந்து நின்றாள். அதற்கு முந்தைய வருடம் வலது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு நடையில் கவனம் போதாது. எல்லாரிடமும் நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

எட்டு நாள் என் வீட்டு முன்னறையில் இருந்தாள். ஒன்பதாம் நாள், வேறு ஊரில் ஒரு ரொட்டிக்கடையில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்றாள்.

"எந்த ஊருன்னு மட்டும் கேக்காதக்கா. அவருக்குத் தெரிஞ்சா நான் உயிரோட இருக்க மாட்டேன்."

"நான் ஏன்டி அவர்கிட்ட சொல்லப்போறேன்?"

"நீ சொல்ல மாட்ட. உன் மூஞ்சி சொல்லிடும்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் சிரிக்கும்போது கட்டுப்போட்ட கையை மற்ற கையால் பிடித்துக்கொண்டாள்.

அவளுடைய பேங்க் கணக்கு முழுக்க அவர் கண்ணில் இருந்தது. அதனால் என் கார்டோடு சேர்த்து அவள் பேருக்கு ஓர் ஆட்-ஆன் கார்டு எடுத்துத் தருகிறேன் என்றேன். அவள் வாங்குவாள், பில் எனக்கு வரும், முடிந்தபோது திருப்பித் தரட்டும். தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"சொல்லு, மாசம் எதுக்கெல்லாம் செலவு பண்ணுவ?"

வெகுநேரம் யோசித்தாள். "தெரியலையேக்கா. நானா இதுவரைக்கும் எதையும் வாங்கினதில்லையே."

ஆகவே நானே எழுதினேன். மளிகை, மருந்து, சலவை, பஸ். பொருந்தாத கார்டுகளையெல்லாம் கழித்துக்கட்டியதில் இரண்டு கார்டு மிஞ்சின. ஒன்று மளிகைக்கும் மருந்துக்கும் நூறுக்கு ஐந்து தரும். மற்றது மூன்று. இரண்டையும் ஒரு ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்துவிட்டு, அவளுக்குப் பொருந்தியதை எடுத்தேன்.

அவள் எங்கே இருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. இதைத் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். கடைசிவரைக்கும் நான் கேட்கவே இல்லை.

போன்தான் சொல்லிற்று. அவள் கார்டை எங்கே தேய்த்தாலும் கடையின் பெயர், தொகை, நேரம் மூன்றும் என் போனில் வந்து விழும். முதல் நாள் ஒரு கெட்டில், இரண்டு பல்பு. மறுநாள் ஹார்டுவேர் கடையில் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். ஒரு வாரத்தில் அவள் வாழ்க்கை ஒழுங்குக்கு வந்துவிட்டது. காலை ஏழேகாலுக்குப் பால். புதன்கிழமை காய்கறி. ஞாயிறு நாலு மணிக்குச் சலவை. ஏழேகால் மணிக்கு நானும் அடுப்பில் பாலை வைப்பேன். போன் 'டிங்' என்னும். "எழுந்துட்டியா பொடிசு" என்று சமையலறையில் நின்று சொல்வேன். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கினால், கை நோகிறதாக்கும் என்று என் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொள்வேன். கல்யாணமாகிப் போன இந்தப் பத்து வருடத்தில் அவள் என்னோடு அவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை.

நாலாவது மாதம் நான் ஒரு தப்புச் செய்தேன். நல்லதற்குத்தான் செய்தேன். மெசேஜில் வந்த கடைப் பெயர்களை மேப்பில் தேடிப் பார்த்து வைத்திருந்தேன். போனில் பேசும்போது, "மூலைக் கடையில காய் வாங்காதடி, அதுக்குக் கேஷ்பேக் வராது. ரெண்டு கடை தள்ளி சூப்பர் மார்க்கெட் இருக்குல்ல, அங்க போ" என்றேன்.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த குழாயை அவள் மூடினாள்.

"அக்கா, உனக்கு எப்படித் தெரியும்?"

"மெசேஜ் வருதுடி."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்."

அவள் நிதானமாகச் சொன்னாள். "இதுக்கு அவரே தேவலைக்கா. அவராவது வாய்விட்டுக் கேப்பாரு."

அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. சின்னவள், ஏதோ ஒரு வேகத்தில் சொல்லிவிட்டாள். ஆனால் மறுநாள் ஏழேகாலுக்குப் போன் ஒலிக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. இருபது நாள் கழித்துத் தபாலில் ஓர் உறை வந்தது. உள்ளே இரண்டாக வெட்டிய கார்டு. போனில் கூப்பிட்டேன்.

"நானே ஒண்ணு எடுத்துட்டேன்க்கா. ரொட்டிக்கடை அம்மா உதவி பண்ணாங்க."

"எவ்வளவு திருப்பித் தரான்?"

"ஒண்ணும் தரல. சும்மா ஒரு கார்டு."

சும்மா ஒரு கார்டு. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னைக் கேட்டிருந்தால் இரண்டு நிமிஷத்தில் சொல்லியிருப்பேன்.

மாப்பிள்ளை இதற்கு முன்பிருந்தே சனிக்கிழமைதோறும் கடைக்கு வந்துகொண்டிருந்தார். ஓரமாக நிற்பார். "அவ நல்லா இருக்காளாக்கா?" என்று மட்டும் கேட்பார். தெரியாது தம்பி என்பேன். போய்விடுவார். ஏழு மாதம் இப்படித்தான். என் முகம் எதையும் சொல்லவில்லை. பொடிசு நினைத்தது அதில் தப்பு.

அந்தச் சனிக்கிழமை அவர் வேறொன்று கேட்டார். "அக்கா, எல்லாருக்கும் பார்த்துக் குடுக்கறீங்களே, எனக்கும் ஒரு கார்டு பாருங்களேன்."

செலவைப் பிரிப்பது எப்படி என்று காட்டாமல் கார்டு பார்க்க முடியாது. காட்டுவதற்கு ஒரு மாதிரி வேண்டும். என் பையில் பொடிசுவின் ஸ்டேட்மென்ட் இருந்தது, நான்கு மாதத்துக்கும். அதை நான் எப்போதும் பையில் வைத்திருப்பேன். எடுத்து மேஜையில் விரித்தேன். மளிகைக்குப் பச்சைக் கோடு, மருந்துக்குச் சிவப்பு. சலவைக்கு நீலம். சலவைக் கூலி இன்ன குடியிருப்பின் சலவை அறை என்று பெயரோடு வரும். அங்கே குடியிருப்பவர்கள் மட்டும்தான் அதில் துவைக்க முடியும். அந்த வரியில் இரண்டு தரம் கோடு போட்டேன். மை சரியாகப் பிடிக்கவில்லை.

அவர் தாளைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே பிடித்தார். "எழுத்து மங்கலா இருக்குக்கா."

வெள்ளெழுத்து. அந்த வயதில் வருவதுதான். தட்டிலிருந்து ஒன்றரைப் பவரில் படிக்கிற கண்ணாடி ஒன்றை எடுத்து, காதுப் பக்கத்தைக் கொஞ்சம் வளைத்து அவர் மூக்கில் வைத்தேன்.

"இப்ப?"

நீலக் கோடு போட்ட வரியில் விரலை வைத்தார். "இப்ப தெளிவா தெரியுதுக்கா."

ஒரு வாடிக்கையாளர் வந்தார். கடைக்கு அந்தப் பக்கம் போய் அவருக்குப் பதினாலு ஃபிரேம் எடுத்துக் காட்டினேன். வழக்கமாக மூன்றுக்கு மேல் நான் காட்டியதில்லை. திரும்பி வந்தபோது தாள் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. கண்ணாடியை மாப்பிள்ளை எடுத்துப் போயிருந்தார். அதற்கான பணத்தை நான் கட்டிவிட்டேன்.

பொடிசுவுக்குப் போன் செய்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். சனி சாயங்காலம் இருந்தது, ஞாயிறு இருந்தது, திங்கள் முழுக்க இருந்தது. ஆனால் போன் செய்வதானால் அவளல்லவா முதலில் செய்ய வேண்டும்? நான் மூத்தவள்.

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை கருவிப் பையோடு அந்தக் கட்டடத்துக்குப் போயிருக்கிறார். லிஃப்ட் பார்க்க வந்தவருக்குக் காவலாளி கதவைத் திறந்து பிடித்திருக்கிறார். அவள் வீடு இருந்த நாலாவது மாடி போனதும் லிஃப்டை நிறுத்தி, பழுது என்று பலகை மாட்டிவிட்டார். அதற்கப்புறம் யாரும் மேலே வரவில்லை. தாழ்ப்பாள் ஓர் உதைக்குக்கூடத் தாங்கவில்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அது மலிவான தாழ்ப்பாள். விலை எனக்குத் தெரியும்.

அடக்கம் முடிந்த மறுவாரம் போனில் ஒரு மெசேஜ். அவள் பேர், நாலு மாதத்துக்கு முந்தைய காய்கறி, மருந்து, அவற்றுக்கான கேஷ்பேக் வரவு வைக்கப்பட்டது என்று. நின்றபடியே படித்தேன். இப்போது போனை நீங்கள் வாங்கி எங்கோ பூட்டி வைத்திருக்கிறீர்கள். ஆனாலும் ஏழேகாலுக்கு 'டிங்' என்கிறது. இந்த அறையில் கடிகாரம் இல்லை. அந்தச் சத்தத்தை வைத்துத்தான் விடிந்தது என்று தெரிந்துகொள்கிறேன். கூடவே அவள் குரலும் வருகிறது, கோபமே இல்லாமல், ஒரே கேள்வி. எல்லாத்துக்குமாக்கா? எல்லாத்துக்கும்தான் என்கிறேன். அவள் மறுபடி கேட்கிறாள்.

நான்தான் சொன்னேன். தாளை விரித்ததும் கோடு போட்டதும் கண்ணாடி மாட்டியதும் தெரிந்தே செய்தவை. இந்த மூன்றையும் என் வாயால் சொன்னதாகவே எழுதுங்கள். ஆனால் நான் அவளை நேசிக்கவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதற்கு என்னிடம் அத்தாட்சி இருக்கிறது.

கடைசியாக மிஞ்சிய இரண்டு கார்டில் எதை எடுத்தேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. ஐந்து தருகிற கார்டில் ஆட்-ஆன் வைத்திருப்பவரின் மெசேஜ் அவருடைய போனுக்கு மட்டும்தான் போகும். மூன்று தருகிற கார்டில்தான் எனக்கு வரும். நான் மூன்றை எடுத்தேன். நூறுக்கு இரண்டு, மாதாமாதம் நஷ்டம். என் வாழ்க்கையில் வேறு யாருக்காகவும் நான் அப்படி விட்டுக்கொடுத்ததில்லை.