ராஜகுமாரியின் லாகினில் கல்லூரியை மாற்றியது குறித்து

பெயர்: சங்கரேஸ்வரி, வயது 17, தகப்பனார் பெயர்: நல்லகண்ணு, கழுகுமலை ரோடு, சங்கரன்கோவில்.

இன்று எங்கள் வீட்டில் வைத்து, என் தாயார் முன்னிலையில், பெண் உதவி ஆய்வாளர் விசாரித்தபோது நான் சொல்வது:

நான் மேற்கண்ட முகவரியில் பெற்றோருடன் குடியிருந்து வருகிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, பஸ் நிலையம் அருகே ஆவுடையப்பன் என்பவர் நடத்தும் பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்து வந்தேன். கடைக் கட்டடம் துரைப்பாண்டி என்பவருக்குச் சொந்தமானது. இளையரசனேந்தலைச் சேர்ந்த ராஜகுமாரி என்னோடு படித்தவள். துரைப்பாண்டி அவளுக்குத் தாய்மாமன்.

கலந்தாய்வு இணையதளத்தில் விருப்பக் கல்லூரிகளைப் பதிவு செய்யும் கடைசி நாள் காலையில், ராஜகுமாரி தன் தாயார் மாடத்தியுடன் கடைக்கு வந்தாள். மாடத்தியின் போனுக்கு வந்த ஓ.டி.பி.யைப் போட்டு லாகின் செய்து, கோயம்புத்தூர் கல்லூரி ஒன்றை முதலாவதாகப் பதிவு செய்தேன். மற்றக் கல்லூரிகளைத் தன் பள்ளி டீச்சர் வீட்டில் கேட்டு, அந்த டீச்சர் போனிலிருந்து சொல்வதாக ராஜகுமாரி சொன்னாள். அந்த இணையதளத்தில் கொஞ்ச நேரம் எதையும் தொடாவிட்டால் அதுவே லாக்-அவுட் ஆகிவிடும். மறுபடி நுழைய ஓ.டி.பி. வேண்டும். மாடத்தி வேலைக்குப் போகும் காட்டில் டவர் கிடைக்காது. அதனால் ஆவுடையப்பன், வழக்கமாகச் செய்வதுபோல், தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மவுஸுக்கு அடியில் வைத்தார். விநாடி முள் ஓடுவது மவுஸின் அடி வெளிச்சத்தில் பட்டு, திரையில் அம்பு லேசாக அசையும். ஆள் இருப்பதாக எடுத்துக்கொண்டு இணையதளம் வெளியே தள்ளாது. அதன் பிறகு அவர்கள் இருவரும் போய்விட்டார்கள்.

அதன் பிறகு துரைப்பாண்டி வந்து அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். ராஜகுமாரியின் பக்கம் திறந்திருக்கிறது, வேறு சிஸ்டத்தில் உட்காருங்கள் என்று சொன்னேன். எனக்குச் சத்தமாகப் பேச வராது. ஆவுடையப்பன், “ஏட்டி, கட்டடத்துக்காரரையே எந்திரிக்கச் சொல்லுதியா? போய் டீ வாங்கிட்டு வா” என்று ஏசினார். நான் திரும்பி வந்தபோது கோயம்புத்தூர் கல்லூரி இல்லை. பக்கத்துக் கல்லூரி ஒன்று மட்டும் இருந்தது. துரைப்பாண்டி சிரித்துக்கொண்டே, “பொட்டப்பிள்ளைக்குக் கோயம்புத்தூர் என்னத்துக்கு? கட்டிக்கப் போறவன் நான் இங்கனதானே இருக்கேன்” என்றார்.

பழையபடி மாற்ற மவுஸைப் பிடித்தேன். ஆவுடையப்பன் என் கையைத் தட்டிவிட்டு லாக்-அவுட் செய்தார். அதன் பிறகு ராஜகுமாரி கடை போனுக்குக் கூப்பிட்டாள். அவரே எடுத்து, “எல்லாம் நீ சொன்னபடி போட்டாச்சு மக்கா” என்று சொல்லிவிட்டு போனை அணைத்தார். டீச்சர் நம்பர் எனக்குத் தெரியாததால், நான் தெருவில் நின்று என் போனிலிருந்து மாடத்திக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். லைன் கிடைக்கவில்லை. சாயங்காலம் பதிவு முடிந்துவிட்டது.

பக்கத்துக் கல்லூரியில் இடம் கிடைத்ததாக முடிவு வந்ததும் மாடத்தி புகார் கொடுத்தார். படிப்பை விட்ட பொறாமையில் நான்தான் மாற்றினேன் என்று ஆவுடையப்பன் சொல்லியிருக்கிறார். நேற்று அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, “நீ சின்னப் பிள்ளை, எரிச்சல்ல செஞ்சிட்டேன்னு எழுதிக் குடுத்துரு. எச்சரிச்சு விட்ருவாங்க. துரைப்பாண்டியை இழுத்தா உங்க அப்பனுக்கு இந்த ஊர்ல யாரும் வேலை தரமாட்டான்” என்றார். நான் எழுதிக் கொடுக்கவில்லை. இன்று காலை ராஜகுமாரி வாசலில் வந்து நின்று, “நீ படிக்கலைன்னா நானும் படிக்கக் கூடாதோட்டி?” என்று கேட்டு, காறித் துப்பிவிட்டுப் போனாள்.

அவள் மேல் பொறாமை உண்டா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். இல்லை என்று சொல்லும்படி என் தாயார் கையைக் கிள்ளினார். பொறாமை உண்டு. அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஆனால் கோயம்புத்தூர் கல்லூரியை எடுத்தது நான் இல்லை, துரைப்பாண்டி. ராஜகுமாரிக்கு எதிரில் நிறுத்திக் கேட்டாலும் இரண்டையும் சொல்வேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது. இதில் பொய் இல்லை.

(ஒப்பம்)
ந. சங்கரேஸ்வரி