தெபோராள் டீச்சர் தோற்ற அறை

நாளொன்றுக்கு ஒரே ஒரு பஸ் வந்துபோன காலமாம். வாகைவிளை என்று ஓர் ஊராம். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் புது ஆசிரியர் எவரும் ஒரு மாதத்தைத் தாண்டியதில்லையாம். எப்படித் தாண்டுவார்கள்? அரிசி மில்லை ஒட்டிய ஆறாம் வகுப்பில் எழுபத்திரண்டு பிள்ளைகள். மூத்தவர் ஒருவருக்கும் வேண்டாத வகுப்பு. ஆகவே, வந்தவர் தலையில் கட்டு! கிணற்றில் தள்ளிவிட்டு, நீச்சல் தெரியவில்லையே என்று குறையும் சொல்வது. இந்தக் கெட்டிக்காரத்தனம் இன்று நேற்றுத் தோன்றியதல்ல, கேளுங்கள்.

நாலு பேர் ஓடினார்களாம். ஐந்தாவதாகப் பூரணம் வந்தாளாம், இருபது வயதுப் பெண். மில் ஓடத் தொடங்கியதும் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு அதே சுருதியில் "ம்ம்ம்ம்" என்பார்களாம். எவன் என்று கண்டுபிடிக்க முடியாது. பத்தாம் நாள் அவள் டிரங்குப் பெட்டியோடு வராந்தாவில் உட்கார்ந்துவிட்டாளாம்.

"வீட்டுக்குப் போனா இனிமே வேலைக்கு விடமாட்டாங்க. தெரியும். ஆனா முடியல."

அங்கே முப்பது வருஷ அனுபவத்தோடு இருந்தவள் என் அப்பாவின் பெரியத்தை, தெபோராள். எங்கள் குடும்பத்து நாக்குதான் அவளுக்கும்.

"இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குத் தைரியமே கிடையாது. பஸ் வரதுக்குள்ள அடக்கிக் காட்டுதேன், பாரு" என்று பிரம்போடு போனாளாம்.

ம்ம்ம்ம்.

கத்தினாளாம். ம்ம்ம்ம். மேசையைத் தட்டினாளாம், பிரம்பு ஒடிந்ததாம். ம்ம்ம்ம். தொண்டை கட்டியதாம். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "தண்ணி குடிச்சிட்டு வாங்க டீச்சர், நாங்க இங்கனதான் இருப்போம்."

வெளியே வந்தாளாம். வராந்தா முழுக்க ஆசிரியர்கள். வேறு யாராக இருந்தாலும் தலைவலி என்றிருப்பார்கள். தெபோராள், காற்றாய்ப் போன குரலில், "தோத்துட்டேன்" என்றாளாம்.

பூரணம் நிமிர்ந்தாளாம். "முத நாள் நான் இருபது நிமிஷம் தாங்கினேன், டீச்சர். நீங்க?"

"கால் மணி."

பஸ் வந்ததாம், ஹாரன் அடித்ததாம், போயிற்றாம். பெட்டி ஏறவில்லை.

"சார், வகுப்பை ரெண்டாப் பிரிங்க" என்று தெபோராள் தலைமையாசிரியரிடம் சொன்னாளாம். "மில் பக்கத்துப் பாதி எனக்கு."

அன்றிலிருந்து வாகைவிளையில் யார் புதிதாகச் சேர்ந்தாலும், மூத்தவர்தான் முதலில் எழுந்து தாம் தோற்ற கதையைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகே புதியவர் கையில் சாக்பீஸ். மற்ற ஊர்களில் இன்றைக்கும் மாலை போட்டு வரவேற்று, நேரே மில் பக்கம் அனுப்புகிறார்கள். சொல்லிச் சொல்லி எனக்கே தொண்டை கட்டிவிட்டது.

மில் மூடிப் பல காலமாயிற்று. அறைக்கு மட்டும் அதே பெயர்: தெபோராள் டீச்சர் தோற்ற அறை. அங்கிருந்து முதல் நாள் வெளியே வருகிறவரிடம், வகுப்பு அடங்கியதா என்று ஒருவரும் விசாரிப்பதில்லையாம்.

"எத்தனை நிமிஷம்?" என்றுதான் கேட்பார்களாம்.