குளிப்பாட்ட வராத அக்கா

"ஹலோ… ஹலோ… உகோன்மா? ஆமா, அக்காதான். கேக்குது, கேக்குது, கத்தாதே. பச்சை உடம்புக்காரி இப்படிக் கத்தலாமா?… பிள்ளை தூங்குறானா?… சரி, சரி."

ஆபா நகரத்தில், ஆறு மாதமாக ஓடாத தன் தையல் மெஷின்மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பேசினாள் அடாகு. கழுத்தில் டாக்டர் மாட்டிவிட்ட பட்டை. தங்கை லாகோஸில் பிள்ளை பெற்று ஒன்பது நாளாயிற்று. அம்மா இல்லாத வீடு. மூத்தவள்தான் போய்ப் பிள்ளையைக் குளிப்பாட்டி, பெற்றவள் வயிற்றுக்கு வெந்நீர்த் துண்டைப் பிழிந்து ஒத்தடம் கொடுக்க வேண்டும்.

"பஸ் டிரைவர்கிட்ட குடுத்த கருவாடு வந்துச்சா?… ஆமா, மிளகும் அதுலதான். சூப்புல காரத்தைக் குறைக்காதே… நானா? வரேன்டி, வரேன். கல்யாணத் துணி குவிஞ்சு கிடக்கு… போன வாரமும் அதையேதான் சொன்னேனா?… ம்… சொன்னேன், சொன்னேன்.

வீடியோவா? வேண்டாம், இங்க நெட் இல்ல… ஏய், கேளு. உன் மாமியார் கூடத்தானே இருக்காங்க? அவங்க துண்டு பிழிஞ்சா கை வெந்தா போயிடும்?… என்ன சொன்னாங்க?… இன்னொரு தடவை சொல்லு."

அடாகு மெஷினை ஒட்டி இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"பிள்ளை இல்லாதவ, பொறாமை, அதான் வரலைன்னாங்களா… அவங்க சொல்லிட்டுப் போகட்டும். நீ நம்புறியா?… உகோ, நம்புறியா?… என் முதுகுல கட்டி உன்னைச் சுமந்தவடி நான்!… வைக்காதே! போனை வைக்காதே. வீடியோ போடறேன். நெட் இருக்கு, பொய்தான் சொன்னேன். இரு… விரல் வராது, முட்டியாலதான் அழுத்தணும்… ஆங்.

தெரியுதா?… என் கைதான்டி. ரெண்டும் இப்படித்தான்… முடக்குவாதமாம், மூணு வருஷமாச்சு. விரலைத் தின்னுட்டுக் கழுத்துக்கு ஏறிடுச்சு. எலும்பு நகர்ந்திருக்காம். பஸ் ஒரு பள்ளத்துல இறங்கினாப் போதும், கை கால் விழுந்துடும்னாரு டாக்டர்… இங்கேருந்து லாகோஸுக்குப் பள்ளமில்லாத ரோடு எதுன்னு நீயே சொல்லு.

ஏன் மறைச்சேனா?… முதல்ல விரல் வலிதானேன்னு விட்டுட்டேன், முத்தினப்போ நீ மாசமா இருந்தே… சோப்பு போட்டா வழுக்குற பிள்ளைடி. இந்தக் கையில குடுத்துட்டு உனக்கு மூச்சு வருமா?… உஷ், அழாதே, பால் வத்திடும். மாமியார்கிட்டயே குடு. தண்ணிச் சூட்டை முழங்கையால பாக்கச் சொல்லு… நான் சொன்னேன்னு சொல்லாதே…

முழிச்சுக்கிட்டானா?… காட்டு. இன்னும் கிட்ட… அவன் கையைப் பிரிச்சுக் காட்டுடி… ஆமா… ஆமா… ஐயோ, எல்லா விரலும் எவ்வளவு நேரா இருக்கு…

உகோ?… ஹலோ?… இன்னும் ஒரு தரம் காட்டு…"

இணைப்பு அறுந்து போயிருந்தது.