சுடிதாரைக் கடித்தவள்

மண்ணரை போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இருவர். ஒருத்தி பனியன் கம்பெனி அக்கா. மற்றவள் லீவில் அவளோடு செக்கிங் வேலை பார்த்துவிட்டு, இப்போது காலேஜில் முதல் வருஷம்.

"கிளாஸ்ல ஒரு புள்ளையோட சுடிதாரைக் கடிச்சுட்டேனுங்க்கா."

நான் போனை மடியில் வைத்தேன்.

"ஏங்கண்ணு?"

"முன்பெஞ்சுல இருந்தா. முதுகுல பிசிறு நூல் தொங்குச்சு. செக்கிங்ல நூல் வெட்டியே பழகிருச்சு; கையில கட்டர் இல்லீங்க, வாய் தன்னால போயிருச்சு."

"அய்யோ, திட்டினாளா?"

"திரும்பி, 'நீ எந்தக் கம்பெனி?'ன்னு கேட்டா. அவளும் செக்கிங் பார்த்தவளாம். இப்ப ஒண்ணாத்தான் சோறு திங்கறோம்."

"யாருமே பேசறதில்ல, கம்பெனிக்கே வந்தர்றேன்னு போன வாரம் அழுதியே?"

"இனி வரலீங்க்கா. உங்க நூல் கட்டரை மட்டும் குடுங்க. இன்னிக்கு அவ என் துப்பட்டாவைக் கடிச்சுட்டா."